வீட்டு முயல்களோடு புதிய முயலைச் சேர்த்துவிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் சீனியும் மிளகும் இரண்டு வருடமாக ஒரே தட்டில் கீரை தின்று, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாகக் கருப்பட்டி வந்தாள். முயல்தானே, சாதுவான பிராணி என்று நினைத்து, வந்த அன்று மாலையே அவளை அவர்கள் அறையில் இறக்கிவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சீனி பாய்ந்து கடித்ததில் கருப்பட்டியின் இடது காது நுனி கிழிந்துவிட்டது. அப்புறம் மூவரையும் சேர்க்க எனக்குப் பத்து வாரம் பிடித்தது. அந்தப் பத்து வாரத்தில் கற்றதையும், தெரிந்தவர்கள் வீடுகளில் முயல்களைச் சேர்த்துவைக்கப் போனபோது திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

புதிய முயலை நேராகப் பழைய முயலின் கூண்டுக்குள் விட்டால் என்ன?

தயவுசெய்து விடாதீர்கள். நாம் வளர்க்கும் முயல்களின் மூதாதை ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் காடுகளில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் முயல். கூட்டத்துக்குள் பெரியவர் யார், சின்னவர் யார் என்ற வரிசை உண்டு. கூட்டத்துக்கு எல்லையும் உண்டு. எல்லையை மூத்திரத்தாலும் புழுக்கையாலும் தாடைக்கு அடியில் உள்ள சுரப்பியாலும் குறித்துவைக்கும். உங்கள் முயல் நாற்காலிக் காலில் தாடையைத் தேய்க்கிறதே, அது இந்த வேலைதான். இப்படி மூலைமுடுக்கெல்லாம் தன் வாசனை படிந்த இடத்தில் வேறொரு வாசனை வந்து நின்றால், அது விருந்தாளியாகத் தெரியாது. வீட்டைப் பறிக்க வந்ததாகத்தான் தெரியும்.

காட்டில் தோற்ற முயல் ஓடித் தப்பித்துவிடும். கூண்டிலோ அறையிலோ ஓட இடமில்லை. அதனால்தான் வீட்டு முயல்களின் சண்டை காயத்தில் போய் முடிகிறது. முன்பல் தோலைக் கிழிக்கும், பின்கால் நகம் வயிற்றைப் பிளக்கும். பயந்துபோன முயல் தீனியை நிறுத்திவிட்டால் அது தனி ஆபத்து.

இருக்கிற முயலுக்குத் துணை தேவைதானா?

பெரும்பாலும் தேவைதான். நாம் எவ்வளவு கொஞ்சினாலும் இரவு இரண்டு மணிக்கு அதன் நெற்றியை நக்கிவிட இன்னொரு முயலால்தான் முடியும். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டும் ஒத்துப்போகும்வரை, சில சமயம் மாதக்கணக்கில், இரண்டு தனிக் கூண்டு வைக்க உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா? இல்லை என்றால் இப்போது வாங்க வேண்டாம். இடமில்லாமல் அவசரப்பட்டுச் சேர்த்ததில்தான் நான் பார்த்த மோசமான காயங்கள் எல்லாம் நடந்தன.

எந்த ஜோடி எளிதில் ஒத்துப்போகும்?

கருத்தடை செய்த ஓர் ஆணும் கருத்தடை செய்த ஒரு பெண்ணும். இதுதான் எல்லாவற்றிலும் எளிது. இரண்டு பெண்கள் ஒத்துப்போவதுண்டு, கொஞ்சம் பாடுபட வேண்டும். இரண்டு ஆண்கள் ஒத்துப்போவது கடினம். அதிலும் பக்கத்தில் ஒரு பெண் முயலின் வாசனை வந்தால் இன்னும் கடினம்.

இனமோ நிறமோ பெரிய விஷயமில்லை. எடை வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். நம்மூரில் விற்கும் முயல்களில் பல, கறிக்காக வளர்க்கும் பெரிய இனங்களின் கலப்பு. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா ஆகிய அரசு ஆராய்ச்சிப் பண்ணைகளில் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களைப் பார்க்கலாம். வளர்ந்தால் நாலு கிலோவைத் தொடும். ஒன்றரைக் கிலோ முயலை அப்படிப்பட்ட ஒன்றோடு சேர்க்கும்போது, விளையாட்டாகத் துரத்தினாலே சின்னது அடிபடும். சேர்க்கலாம், ஆனால் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும்.

கடையில் "ஜோடி" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அப்படியும் சண்டை போடுகின்றனவே?

ஒரே கூடையிலிருந்து எடுத்த இரண்டு குட்டிகளை ஜோடி என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். ஐந்து ஆறு வாரக் குட்டியில் ஆண், பெண் பார்ப்பது பழகிய கைக்கே தவறும். நான் ஒரு கடையில் வாங்கிய "ஜோடி" மூன்றாம் மாதத்தில் இரண்டுமே ஆண் என்று தெரியவந்தது. அதுவரை ஒன்றாகத் தூங்கிய இரண்டும் ஒரே வாரத்தில் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கின. வயதுக்கு வருவதுதான் காரணம். குட்டிப் பருவத்து நட்பு மூன்றரை, நான்கு மாதத்தில் உடைவது மிகச் சாதாரணம். ஆகவே குட்டியாக வாங்கினால் சண்டை வராது என்று நம்பி வாங்க வேண்டாம். மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆணா பெண்ணா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உண்மையிலேயே ஆணும் பெண்ணுமாக இருந்தால் வேறு கவலை. முயலின் கர்ப்பகாலம் 31 நாள். குட்டி போட்ட அன்றே மறுபடி சினையாக முடியும்.

கருத்தடை ஆபரேஷன் கட்டாயமா? பாவம் இல்லையா?

என் அனுபவத்தில், வயதுக்கு வந்த முயல்களைக் கருத்தடை இல்லாமல் நிரந்தரமாகச் சேர்த்துவைப்பது நடக்காத காரியம். எல்லைச் சண்டைக்கும் ஓயாமல் மேலே ஏறுவதற்கும் ஹார்மோன்தான் அடிப்படை. பெண் முயலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கருப்பையை எடுக்காத பெண் முயல்களுக்கு நாலு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் வருவது மிக அதிகம். ஆபரேஷன் செய்வதுதான் பாவம் என்று நினைக்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

ஆணுக்கு நான்கு மாத வாக்கில், பெண்ணுக்கு ஆறு மாத வாக்கில் செய்யலாம். எல்லா டாக்டரும் முயலுக்குச் செய்வதில்லை. "இதுவரை முயலுக்கு எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள்?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கத்தில் இருப்பவர்களுக்கு அங்கங்கே உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். இரண்டு விஷயம் ஞாபகம் வையுங்கள். நாய், பூனைக்குச் செய்வதுபோல் முந்தின இரவே முயலைப் பட்டினி போடக் கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது, குடல் காலியாக நின்றால்தான் ஆபத்து. "சாப்பாட்டை நிறுத்துங்கள்" என்று யாராவது சொன்னால், முயலுக்கும் அப்படித்தானா என்று மறுபடி கேளுங்கள். இரண்டாவது, ஆபரேஷன் முடிந்த ஆண் முயலால் ஆறு வாரம் வரைகூடப் பெண்ணைச் சினையாக்க முடியும். ஹார்மோன் அடங்கவும் அவ்வளவு காலம் ஆகும். அதுவரை சேர்க்கும் பேச்சே வேண்டாம்.

புதிய முயலை எத்தனை நாள் தனியாக வைக்க வேண்டும்?

குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம், வேறு அறையில். தீனித் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், துடைக்கும் துணி எல்லாம் தனி. பழைய முயல்களுக்கு முதலில் தீனி போட்டுவிட்டு, கடைசியாகப் புதியதிடம் போங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நம்மூர்ச் சந்தை முயல்களில் நான் அதிகம் பார்ப்பது சொறி. மூக்கு நுனி, காது ஓரம், கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களில் சாம்பல் பூத்தாற்போல் பொருக்கு கட்டும். காதுக்குள் பழுப்புப் பொருக்கு அடுக்கடுக்காக இருந்தால் அது காதுச் சொறி. இரண்டுக்கும் காரணம் உண்ணிபோன்ற மிகச் சிறிய பூச்சிகள், பக்கத்து முயலுக்கு வெகு வேகமாகப் பரவும். நமக்கும் கையில் அரிப்பு வரலாம். டாக்டர் எடை பார்த்துக் கொடுக்கும் மருந்தில் சரியாகிவிடும். நாய்க்கு வாங்கிவைத்த உண்ணி மருந்தை நீங்களாகத் தடவாதீர்கள். அவற்றில் பிப்ரோனில் இருந்தால் முயல் செத்தே போகலாம்.

தும்மல், மூக்கு ஒழுகி முன்னங்கால் உள்பக்கம் ரோமம் ஒட்டிக்கிடப்பது, தண்ணீராகக் கழிச்சல், தலை ஒரு பக்கம் சாய்வது என இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சேர்க்கும் வேலையைத் தள்ளிவைத்து டாக்டரைப் பாருங்கள்.

தனிமைக் காலம் முடிந்தது. அடுத்து?

இரண்டு கூண்டுகளையும் ஒரே அறையில், நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். ஒட்டிவைத்தால் கம்பி வழியாக மூக்கையும் விரலையும் கடித்துவிடும். தீனித் தட்டை இரு பக்கமும் அந்த எல்லையோரம் வையுங்கள். முதலில் தட்டு தூரமாக இருக்கலாம், நாளுக்கு நாள் நெருக்கிக்கொண்டு வரலாம்.

அப்புறம் வாசனைப் பரிமாற்றம். இதன் கழிப்புத் தட்டை அதற்கு, அதன் விரிப்பை இதற்கு. ஒரே துணியால் இரண்டையும் மாறி மாறித் துடைத்துவிடுங்கள். நாலைந்து நாளில் முயல்களையே கூண்டு மாற்றிப் போடுங்கள். முதல் நாள் சீனி புதிய வாசனையைக் கண்டு பின்காலால் டப் டப் என்று தரையில் அடித்தாள், எல்லா இடத்திலும் புழுக்கை போட்டுவைத்தாள். பத்தாம் நாள் அதே விரிப்பில் மல்லாக்காகச் சாய்ந்து படுத்தாள். அந்த மாற்றம் வரும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். எல்லையின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிப் படுத்தால், தைரியமாக அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

நேரில் சந்திக்க வைப்பது எங்கே?

இரண்டுமே இதுவரை கால் வைக்காத இடத்தில். குளியலறை, பக்கத்து வீட்டு வராண்டா, மறைப்புக் கட்டிய மொட்டைமாடி மூலை எதுவானாலும் சரி. ஐந்தடிக்கு ஐந்தடி போதும். பெரிய இடம் கொடுத்தால் துரத்தல்தான் அதிகமாகும். மொசைக், டைல்ஸ் தரையில் முயலுக்குப் பிடி கிடைக்காமல் பயம் கூடும், பழைய பாயோ சாக்கோ விரித்துவிடுங்கள். ஒளிந்துகொள்ள அட்டைப் பெட்டி வைப்பதானால் இரண்டு பக்கமும் வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் என்றால் உள்ளே மாட்டிக்கொண்டது தப்ப முடியாது. நடுவில் அருகம்புல், கொத்தமல்லி, முள்ளங்கி இலை இறைத்துவிடுங்கள். சாதாரணமாகத் தின்னும் கீரைதான் நல்லது, அன்றைக்கென்று புதிதாக எதையும் கொடுத்து வயிற்றைக் கெடுக்க வேண்டாம்.

முதல் நாள் பத்து நிமிடம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று இழுத்த நாட்களில்தான் எனக்குச் சண்டை வந்தது. தினமும் ஒரே நேரத்தில், ஐந்து பத்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். நீங்கள் தரையில் அவற்றோடு உட்கார்ந்திருக்க வேண்டும், கையில் செல்போன் இல்லாமல்.

எது சண்டை, எது சாதாரணம்? எப்போது தலையிடுவது?

புதிதாகச் சேர்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். தேவையில்லாத இடத்தில் தூக்கிவிடுகிறார்கள், தூக்க வேண்டிய இடத்தில் வேடிக்கை பார்க்கிறார்கள். சின்னச் சின்ன உரசல் நடந்தால்தான் வரிசை முடிவாகும். ஒவ்வொரு தடவையும் நாம் குறுக்கே போனால், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும்.

கொஞ்ச தூரம் துரத்தி நிற்பது, ஒரு கொத்து ரோமத்தைப் பிடுங்குவது, மேலே ஏறுவது எல்லாம் சாதாரணம். ஏறுவதைப் பார்த்து ஆண் பெண் விவகாரம் என்று நினைக்கிறார்கள். "நான்தான் இங்கே பெரியவன்" என்று சொல்வதும் அதேதான், பெண் முயலும் செய்யும். கீழே இருப்பது அமைதியாக இருந்தால் சில நொடி விட்டு மெதுவாக இறக்குங்கள். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே இறக்கிவிடுங்கள். கீழே இருப்பது ஒரு கடி கடித்தால் பிறப்புறுப்பே போய்விடும்.

காது இரண்டும் முதுகோடு ஒட்டி, வால் நிமிர்ந்து, உடல் வில்லாக விறைத்து, உறுமல் கேட்டால் அது தாக்கப்போகிறது. அதைவிட அவசரம், இரண்டும் ஒன்றின் வாலை மற்றொன்று தேடி வட்டமாகச் சுற்றத் தொடங்குவது. அடுத்த நொடி இரண்டும் ஒரே பந்தாக உருளும். சுற்று தொடங்கியதுமே பிரித்துவிடுங்கள்.

நல்ல அறிகுறிகள் அமைதியானவை, கவனிக்காவிட்டால் தவறிப்போகும். ஒன்று தின்னத் தொடங்கியதும் மற்றதும் தின்பது. ஒன்று முகம் கழுவினால் மற்றதும் கழுவுவது. பக்கத்தில் வந்து தலையைத் தாழ்த்தி "நக்கிவிடு" என்று கேட்பது. இரண்டும் தலையைத் தாழ்த்தி, யார் முதலில் நக்குவது என்று அசையாமல் கிடப்பதும் உண்டு. ஆறாம் வாரத்தில் சீனியும் கருப்பட்டியும் அப்படி இருபது நிமிடம் கிடந்தார்கள். கடைசியில் சீனி கருப்பட்டியின் கிழிந்த காதை நக்கினாள். நான் அழுதுவிட்டேன்.

சண்டை மூண்டேவிட்டது. எப்படிப் பிரிப்பது?

வெறுங்கையை நுழைக்காதீர்கள், ஆழமாகக் கடிபடும். நான் பக்கத்திலேயே ஒரு முறம் வைத்துக்கொள்வேன். இரண்டுக்கும் நடுவில் முறத்தைச் செருகினால் பார்வை மறைந்து பிடி விட்டுப்போகும். அப்புறம் கெட்டியான துண்டை ஒன்றின்மேல் போட்டுத் தூக்கலாம்.

பிரித்ததும் உடம்பு முழுக்க ரோமத்தை விலக்கிப் பாருங்கள். வயிறு, தொடையிடுக்கு, பிறப்புறுப்பு, காது, கண்ணிமை எதையும் விடாதீர்கள். முயலின் பல் குத்தின ஓட்டை சின்னதாக இருக்கும், மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும். முயலின் சீழ் தயிர்க்கட்டிபோல் கெட்டி, தானாக வடியாது. அடுத்த பத்து நாள் தடவித் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் செத்து, காயத்தில் பிழைத்த முயல் மருந்தில் போய்விடும்.

அன்று தீனி, புழுக்கை இரண்டையும் கவனியுங்கள். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். சேர்க்கும் முயற்சியை இரண்டு வாரம் நிறுத்தி, கூண்டு மாற்றும் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

ஏற்கெனவே ஒரு ஜோடி இருக்கிறது. மூன்றாவதைச் சேர்க்கலாமா?

நான் சேர்த்தேன், ஆனால் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். புதியது வரும்போது ஜோடியின் பழைய வரிசையும் குலைகிறது. இருக்கிற நட்பே முறிந்துபோகலாம். எங்கள் வீட்டில் நான்காம் வாரத்தில் மிளகு கருப்பட்டியை விட்டுவிட்டுச் சீனியைத் துரத்தத் தொடங்கினான். இரண்டு வருட ஜோடியைக் கெடுத்துவிட்டேனோ என்று தூக்கமே வரவில்லை.

ஜோடியைப் பிரித்து ஒவ்வொன்றாக அறிமுகம் செய்யும் முறையும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிரித்துவைத்த நேரத்தில் ஒன்றின்மேல் புதிய வாசனை ஏறிவிட, திரும்பி வரும்போது துணையே அடையாளம் தெரியாமல் கடிக்கும். மூன்றையும் ஒன்றாகவே புது இடத்தில் விடுங்கள், ஒன்றாகவே எடுங்கள். கூட இன்னொருவர் இருப்பது அவசியம், ஒரு ஆளால் மூன்றைப் பார்க்க முடியாது.

காரில் ஏற்றிச் சுற்றினால் பயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

பயத்தில் உறைந்துபோய் ஒட்டி உட்காருவது நட்பாகிவிடாது. வீட்டுக்கு வந்து பயம் தெளிந்ததும் சண்டை திரும்பி வரும். அந்தப் பயத்திலேயே குடல் இயக்கம் நின்றுபோகவும் கூடும். நம் வெயிலில் இது இன்னும் ஆபத்து.

கோடையில் செய்யலாமா?

சித்திரை, வைகாசியில் வேண்டாம். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். அந்த நிலையில் துரத்தலும் சேர்ந்தால் தாங்காது. ஐப்பசி முதல் மாசி வரை நல்ல காலம். அவசியம் என்றால் விடியற்காலையில் செய்யுங்கள், படுத்துக்கொள்ள நனைத்துப் பிழிந்த சாக்கு ஒன்றைப் பக்கத்தில் போட்டுவையுங்கள்.

ஒரே கூண்டுக்கு எப்போது மாற்றுவது?

புது இடத்தில் உங்கள் கண்முன் பல மணி நேரம் துரத்தல் இல்லாமல் தின்று, படுத்து, ஒன்றையொன்று நக்கிக்கொண்டால். அப்புறம் ஒரு விடுமுறை பார்த்து, இரண்டு நாள் இரவும் பகலும் கூடவே இருந்து கவனியுங்கள். கூண்டையோ அறையையோ முதலில் வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, பொருட்களை இடம் மாற்றி, பழைய விரிப்பை எடுத்துவிடுங்கள். யாருக்கும் "என் மூலை" என்று ஒன்று இருக்கக் கூடாது. தண்ணீர், தீனி, கழிப்புத் தட்டு எல்லாம் தலைக்கு ஒன்று. (முயலுக்குத் தண்ணீர் வைக்கக் கூடாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். தவறு. எப்போதும் வைக்க வேண்டும்.) சேர்த்தபின் "ராத்திரிக்கு மட்டும் தனித்தனியாக" என்று பிரிக்காதீர்கள், காலையில் பாதி உழைப்பு வீணாகியிருக்கும்.

மொத்தம் எத்தனை நாள் ஆகும்? சேரவே இல்லை என்றால்?

சில ஜோடி ஒரு வாரம், பல ஜோடி ஒன்றிரண்டு மாதம். மூன்று மாதம் நிதானமாக முயன்றும் ஒவ்வொரு சந்திப்பும் கடியில் முடிந்தால், அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகவில்லை என்று ஏற்றுக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கூண்டில், கம்பி வழியே பார்த்துக்கொண்டு நிம்மதியாக வாழ்கிற முயல்கள் உண்டு.

காட்டில் கிடைத்த முயல்குட்டியை வீட்டு முயலோடு விடலாமா?

கூடாது. நம் காட்டுமுயல் வேறு இனம், வளையில் வாழாது, வீட்டு முயலோடு பழகாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். தாய் இரை தேடப் போகும்போது குட்டியைப் புல்லில் விட்டுப்போவது வழக்கம், எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

நன்றாக இருந்த ஜோடி திடீரென்று சண்டை போடுகிறதே?

முதலில் உடம்பைப் பாருங்கள். பல் வளர்ந்து வலித்தாலும், வயிறு வலித்தாலும், பக்கத்தில் வந்ததைக் கடிக்கும். அடுத்து யோசியுங்கள், ஒன்றை மட்டும் டாக்டரிடம் கொண்டுபோனீர்களா? மருந்து வாசனையோடு திரும்பியதைத் துணைக்கு அடையாளம் தெரியாது. ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இரண்டையும் ஒரே கூடையில் வைத்துக் கொண்டுபோங்கள்.

சென்ற கார்த்திகையில் மிளகின் வளர்ந்த பல்லைத் தேய்த்துக் குறைக்க டாக்டரிடம் போனபோது மூவரையும் கொண்டுபோனேன். பெரிய கூடை கிடைக்காமல் காய்கறி கொண்டுவரும் பிளாஸ்டிக் கிரேட்டில் சாக்கு விரித்து, மேலே வலை கட்டினேன். மயக்கம் தெளிந்து மிளகு தலையைத் தூக்கியபோது ஒரு பக்கம் சீனி, மறுபக்கம் கருப்பட்டி ஒட்டிப் படுத்திருந்தார்கள்.